ஏலகிரி வளைவில் முன்சக்கரமா, பின்சக்கரமா?

கேள்வி: ஆம்னியில் ஷூ அப்பர் ஏற்றி ஓட்டிப் பழகியவன் நான். இப்போது ஸ்விஃப்ட் வாங்கியிருக்கிறேன். மழையில் ஏலகிரி ஏறும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கிறது. ஏதும் கோளாறா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: கோளாறு இல்லை. ஆம்னியில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருந்தாலும் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரங்கள். ஸ்விஃப்ட்டிலோ முன்சக்கரங்களே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். டயரின் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஈரச் சாலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே திருப்பினால், இருக்கிற பிடிப்பெல்லாம் இழுப்பதிலேயே தீர்ந்துவிடும். திரும்பப் பிடிப்பு மிஞ்சாமல் வண்டி நேராகவே போவதைத்தான் அண்டர்ஸ்டியர் என்கிறார்கள். ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்வதால் முன்டயர்கள் இன்னும் லேசாகிவிடும். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆம்பூர்–வேலூர் நெடுஞ்சாலையில் தெரியாத வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை மேலும் ஒடிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, ஸ்டியரிங்கைச் சற்று நேராக்கினால் பிடிப்பு திரும்பிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தையும் கியரையும் குறைத்துவிடுங்கள்.

உங்கள் ஆம்னியின் குணம் வேறு. சரக்கு இருந்தால் பின்டயர் அழுந்தி ஏற்றத்தில் தெம்பாக ஏறும். காலியாக வரும்போதுதான் மழையில் வால் வீசும். வால் போகும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்க வேண்டும். பதற்றத்தில் அது எல்லோருக்கும் வராது. அதனால் குடும்பத்துடன் போக முன்சக்கர வண்டியையே சிபாரிசு செய்வேன். 1983-ல் வந்த மாருதி 800-ம் அந்த வகைதான்.

முன்டயர்களை உடனே பாருங்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிட்டே மலை ஏறுங்கள்.