புது பில்டுக்கு முன் ஒரு துடைப்பு

அன்புள்ள தம்பி,

ஃப்ரீபிஎஸ்டி 13-லிருந்து 14-க்கு சோர்ஸ் வழியாகவே ஏறப் பார்த்தாய், பில்ட் பாதியில் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். இல்லாத ஒரு ஹெடர் கோப்பைக் கேட்டு நிற்கிறது என்றால் சோர்ஸில் பழுது தேடாதே. யூஎஸ்ஆர் டைரக்டரிக்குள் ஓபிஜே இருக்கிறதே, அதைத் திறந்து பார். 13-க்காகச் செய்த பில்டின் மிச்சமெல்லாம் அங்கேதான் கிடக்கும்.

'மேக்' 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அடிப்படையில் இன்றும் அது பார்ப்பது கோப்புகளின் நேரத்தைத்தான். ஆப்ஜெக்டைவிட சோர்ஸ் புதிதாக இருந்தால் மறுபடி கம்பைல் செய்யும்; இல்லையென்றால் தாண்டிப் போய்விடும். நடுவில் கம்பைலரே மாறிவிட்டது அதற்குத் தெரியாது. எந்த ஆப்ஜெக்டுக்கு எந்த ஹெடர் வேண்டும் என்று போன தடவை எழுதிவைத்த குறிப்பும் ஓபிஜே-க்குள்தான் இருக்கிறது. அந்த ஹெடரைப் புதிய பதிப்பில் எடுத்திருந்தால் பில்ட் அடம்பிடித்து நிற்கும். நின்றால் உன் அதிர்ஷ்டம். பழையதும் புதியதும் கலந்து முடிந்துபோனால்தான் தலைவலி.

மெட்டா மோட் போட்டால், கம்பைல் கட்டளையையும் அது திறந்த கோப்புகளையும் பதிந்துகொள்ளும். இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். அன்றாட அப்டேட்டுக்கு அதை வைத்துக்கொள். பெரிய பதிப்பு தாண்டும்போது மட்டும் நான் ஓபிஜே-யை முழுக்கத் துடைத்துவிடுவேன். ராத்திரி பூராவும் பில்ட் ஓடினால்தான் என்ன, நாமா விழித்திருக்கப் போகிறோம்?

அழிக்கும்போது ரூட்டாக இருந்தும் சில கோப்புகள் அனுமதி இல்லை என்று சொல்லலாம். மாற்றவோ அழிக்கவோ விடாத ஒரு ஃபிளாக் அவற்றின்மேல் இருக்கும். 'சிஹெச்ஃபிளாக்ஸ்' கொண்டு அதை எடுத்துவிட்டு அழி. பில்ட்வேர்ல்டுக்கும் இன்ஸ்டால்வேர்ல்டுக்கும் நடுவில் மட்டும் ஓபிஜே பக்கம் போகாதே. அப்புறம் நிறுவ ஒன்றும் இருக்காது.

நிறுவி முடித்ததும் பழைய சிஸ்டத்தின் மிச்சம் வரும். நீங்கள் எல்லாரும் அவசரப்படுவது இங்கேதான். 'மேக் செக்-ஓல்ட்' வேண்டாத கோப்புகளைப் பட்டியல் மட்டும் போடும். 'டெலீட்-ஓல்ட்' ஒவ்வொன்றாகக் கேட்டு அழிக்கும். கேள்வித் தொல்லை தாங்காமல் எல்லாவற்றுக்கும் 'யெஸ்' கட்டளையைப் பதிலாகக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. அதில்கூடப் பெரிய ஆபத்தில்லை. 'டெலீட்-ஓல்ட்-லிப்ஸ்' என்பதற்கும் அதையே செய்தால்தான் வினை.

2023 நவம்பரில் வந்த 14.0-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 போய் 3.0 வந்தது, லைப்ரரியின் எண்ணும் 111-லிருந்து 30 ஆயிற்று. 13-ல் நீ போட்ட வெப் சர்வர் இன்னும் 111-ஐத்தான் தேடும். அதை அழித்துவிட்டால் சர்வர் எழாது. ஆகவே முதலில் எல்லாப் பேக்கேஜையும் 14-க்கு உரியதாக மறுபடி நிறுவு. நடுவில் 'பிகேஜி'யே படுத்துவிட்டால் 'பிகேஜி-ஸ்டாடிக்' கைகொடுக்கும். நீயாகக் கம்பைல் செய்து போட்ட நிரல்கள் பிகேஜி கணக்கில் வராது. அவற்றுக்கு 'எல்டிடி' போட்டு எந்த லைப்ரரியைத் தேடுகின்றன என்று பார். ரீபூட் செய்து சர்வீஸ்களெல்லாம் எழுந்த பிறகு பழைய லைப்ரரிகளை அழிக்கலாம்.

திரும்பவும் பில்ட் நின்றால் கடைசி நாலு வரியை மட்டும் அனுப்பாதே. பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவதால் உண்மையான பிழை எங்கேயோ மேலே இருக்கும். லாக் முழுவதையும் அனுப்பு.

அன்புடன்,
அத்தை