எந்த வயலில், யார் அளந்தது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. வேளாண்மைக் கல்லூரிக்குப் போகப்போகிறவள் ஊர்க்காரர்கள்மேல் இத்தனை கோபமாக எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். பேப்பரில் எந்த அறிவியல் செய்தி வந்தாலும் டீக்கடையில் "இதெல்லாம் எவன் கண்டான்" என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறார்கள், இவர்களை வைத்துக்கொண்டு ஊர் எப்படி உருப்படும் என்று கேட்டிருக்கிறாய்.

அந்தப் பேச்சில் பாதி சோம்பல்தான், ஒப்புக்கொள்கிறேன். மிச்சப் பாதியைக் காது கொடுத்துக் கேள். புது ரகம் வந்திருக்கிறது என்று நீ சொன்னால் உன் தாத்தா வயசுக்காரர் என்ன கேட்பார்? எத்தனை நாள் பயிர்? மாவுக்கு எத்தனை மூட்டை? யார் வயலில் பார்த்தாங்க, ஆத்துப் பாசனமா போர் தண்ணியா? வைக்கோலை மாடு தின்னுமா? சோறு மறுநாளைக்குப் பழையதுக்கு ஆகுமா? இதில் ஒன்றுகூட வெட்டிக் கேள்வி இல்லை. அளந்த இடம், அளந்த ஆள், எதோடு ஒப்பிட்டது, எதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது என்று ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருத்துகிற பேராசிரியரும் இதையேதான் கேட்பார்.

இவர்கள் எதையும் நம்பாதவர்கள் என்பதும் உண்மை இல்லை. 1960-ல் நாட்டில் முதன்முதலாகத் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. பழைய ஆட்கள் அதைப் 'பேக்கேஜ் திட்டம்' என்பார்கள். 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிற ஆடுதுறையிலிருந்து அந்தப் பத்தாண்டின் நடுவில் ஏடிடி 27 வந்தது. ஜப்பானிய நெல்லையும் நம் ஜிஇபி 24 ரகத்தையும் கலந்து எடுத்த, மூன்றரை மாதத்துக் குறுவை நெல். சில வருஷங்களுக்குள் மளமளவென்று பரவியது. அதே சமயத்தில் ஐஆர் 8 நெல் வந்தபோது, மகசூல் அதிகம்தான், ஆனால் அரிசி மோட்டா, சோறு சரியில்லை என்று முகம் சுளித்தார்கள். விளைச்சலை மட்டும் அளந்தவர்களின் தாளில் சோற்றுக்கு ஒரு கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை நம் ஆட்கள் போட்டார்கள். இதையா அறிவியலுக்கு எதிர்ப்பு என்கிறாய்?

இப்போது உன் காலத்துச் செய்திக்கு வருகிறேன். நானோ யூரியா. 2021-ல் இஃப்கோ நிறுவனம் கொண்டுவந்தது. அரை லிட்டர் பாட்டில் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குச் சமம் என்றது விளம்பரம். 2022 மே மாதம் குஜராத்தின் கலோல் ஆலையைப் பிரதமரே திறந்துவைத்தார். பேப்பரிலெல்லாம் பெரிய செய்தி. நம் பக்கத்தில் மட்டும் "மூட்டை கேட்டா பாட்டிலைக் கையில குடுக்குறான்" என்று முனகல். அதைக் கேட்டுத்தான் உனக்கு எரிச்சல்.

ஒரு தாளை எடு. யூரியாவில் 46 சதம் நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முதலில் வந்த பாட்டிலில் நைட்ரஜன் 4 சதம். அரை லிட்டரில் 20 கிராம். மூட்டையில் கிலோ, பாட்டிலில் கிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், மூட்டையிலும் பாட்டிலிலும் அச்சடித்திருப்பதைப் படித்தால் போதும்.

உடனே அவசரப்பட்டு ஏமாற்று என்று சொல்லிவிடாதே. எதிர்த்தரப்பின் வாதத்தையும் முழுசாகக் கேட்க வேண்டும். வயலில் போடும் யூரியாவில் பாதிக்கு மேல் பயிருக்குப் போய்ச் சேருவதில்லை, காற்றிலும் தண்ணீரிலும் போகிறது, இலையில் தெளித்தால் வீணாகாது என்பார்கள். அதன் முதல் பகுதி சரிதான். ஆனால் மூட்டையில் மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குக் கிடைக்கிறது என்று வைத்தாலும் ஆறு ஏழு கிலோ வருகிறது. பாட்டிலில் சொட்டுக்கூட வீணாகவில்லை என்று வைத்தாலும் 20 கிராம்தான். ஒரு டன் நெல் விளைய, பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ நைட்ரஜன் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் ஒரு பாட்டில் நைட்ரஜன் ஒரு கிலோ சொச்சம் நெல்லுக்கு வரும். நானோ துகளுக்கு வேறு ஏதோ தனிச் சக்தி இருக்கிறது என்றால், அது வயலில் தெரிய வேண்டும்.

வயலில் எப்படிப் பார்ப்பது? ஒரு பாத்தியில் முழு யூரியா. இன்னொன்றில் பாதி யூரியாவும் பாட்டில் தெளிப்பும். இரண்டிலும் ஒரே விளைச்சல் வந்தால் பாட்டில் ஜெயித்துவிட்டதா? இல்லை. மூன்றாவதாக ஒரு பாத்தி வேண்டும்: பாதி யூரியா, தெளிப்பில் வெறும் தண்ணீர். அதுவும் அதே விளைச்சல் தந்தால், மண்ணில் ஏற்கெனவே கிடந்த சத்துதான் பயிரைக் காப்பாற்றியது என்று அர்த்தம். பாட்டிலுக்கு அதில் பங்கில்லை. எந்தச் சோதனைச் செய்தியைப் படித்தாலும் இந்த மூன்றாவது பாத்தியைத் தேடு. அது இல்லாத சோதனையை வைத்துப் பாட்டில் ஜெயித்தது என்று சொல்ல முடியாது. மண்ணிலிருக்கும் இருப்பு ஒரு போகத்துக்குத் தாங்கலாம் என்பதால் ஒரே போகத்தோடு நிறுத்திய சோதனையும் போதாது. லூதியானாவில் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தது. பரிந்துரைத்த உர அளவோடு ஒப்பிட்டால் நானோ யூரியா வயலில் நெல் 13 சதமும் கோதுமை 21 சதத்துக்கு மேலும் குறைந்தது. மணியில் புரதமாகச் சேரவேண்டிய நைட்ரஜனும் குறைந்தது. நிறுவனம் இதை ஏற்கவில்லை. பின்னர் நைட்ரஜன் அளவைக் கூட்டிப் புதிய பாட்டில் வந்தது. கூட்டினாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான், நீயே போட்டுப் பார். முனகியவர்களுக்கு இந்தச் சதவீதமெல்லாம் தெரியாது. ஒரு மூட்டையின் கனம் தெரியும்.

மீத்தேன் விவகாரத்திலும் இப்படித்தான். 2010-ல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார்கள். வளர்ச்சி, வேலைவாய்ப்பு, இறக்குமதி மிச்சம் என்று செய்திகள். இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்; அந்தப் பிரசாரத்துக்கு நடுவிலேதான் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அத்திவெட்டியில் காலமானார். அந்த மேடைகளில் பேசியது எல்லாமே சரி என்று நான் சொல்லமாட்டேன், கொஞ்சம் மிகையும் இருந்தது. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது, "தண்ணியை இறைச்சு எங்கே விடுவீங்க?" என்பது. அதுதான் அந்தத் தொழில்நுட்பத்தின் உயிர்நிலை. நிலக்கரி அடுக்கில் மீத்தேனைப் பிடித்துவைத்திருப்பது தண்ணீரின் அழுத்தம். தண்ணீரை இறைத்தால்தான் வாயு கிளம்பும். இறைத்த தண்ணீர் பெரும்பாலும் உப்பு. கடலோரத்தில், நிலத்தடி நீர் ஏற்கெனவே உவர்ப்பாகிக்கொண்டிருக்கும் கடைமடையில் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? 2013-ல் மாநில அரசு வேலையை நிறுத்திவைத்து நிபுணர் குழு போட்டது. திட்டம் அப்புறம் எழுந்திருக்கவில்லை. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது.

இனி சோம்பல் பாதி. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா இருக்கிறார், யார் என்று உனக்கே தெரியும். விஞ்ஞானிகள் எல்லாரும் கம்பெனிக்கு விலைபோனவர்கள் என்று காலையில் அனுப்புவார். கருப்புக் கவுனி அரிசி சாப்பிட்டால் ஒரே மாதத்தில் சுகர் மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்று சாயங்காலம் அனுப்புவார். அவர் சந்தேகப்படுகிறவர் இல்லை பாப்பா. ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டவர்.

கவுனியின் தவிட்டு நிறத்தில் ஆந்தோசயனின் இருக்கிறது, தீட்டாத அரிசியில் நார்ச்சத்து அதிகம், அதனால் சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறலாம். இவை எல்லாம் நியாயமான பேச்சு. ஆனால் அதற்குள்ளும் மாவுச்சத்துதான் நிறைந்திருக்கிறது. இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் மெதுவாக ஏறியது எல்லாம் கணக்கில் அடிபட்டுப்போகும். மாத்திரையை நிறுத்தச் சொல்வதோ ஆளையே கொண்டுபோய்விடும். நானோ யூரியாவுக்குக் கேட்ட கேள்வியை இதற்கும் கேள்: எத்தனை பேர், எத்தனை மாதம், வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டார்களா, மாத்திரையை அப்போது நிறுத்தினார்களா? நம் மண்ணின் நெல் என்பதற்காகக் கேள்வியில் சலுகை கிடையாது.

பாரம்பரிய நெல்லைக் காப்பதற்கு இந்த சர்க்கரைக் கதை தேவையும் இல்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கிப்போனவர் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அப்படியே நூற்றெழுபதுக்கு மேற்பட்ட ரகங்கள் கைமாறின. அவர் 2018-ல் மறைந்தார். அந்த விதைகள் ஏன் வேண்டும் என்பதற்கு 'வெள்ளம் தாங்கும் நெல்' என்று நீ கேள்விப்பட்டிருக்கும் ஆராய்ச்சியே சாட்சி. ஒடிசாவில் எஃப்ஆர் 13ஏ என்று ஒரு பழைய நெல். முழுக்க மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும். சாதாரண நெல் தண்ணீருக்கு மேலே தலைநீட்ட அவசரமாக வளர்ந்து, இருக்கும் சத்தையெல்லாம் செலவழித்துச் சாகும். இது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சத்தைச் சேமித்துக் காத்திருக்கும். அதற்குக் காரணமான சப்-1 மரபணுவை 2006-ல் அடையாளம் கண்டார்கள். அதைச் சாதாரண ஒட்டுச்சேர்க்கை மூலமே நம் ஊர் 'ஆயிரத்தொம்பது' நெல்லுக்குள் கொண்டுவந்தார்கள். அதுதான் சிஆர் 1009 சப்-1. பழைய விதையா ஆய்வுக்கூடமா என்று அடித்துக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பார், இரண்டு தரப்பும் கொஞ்ச நேரம் வாயை மூடும்.

இந்த நல்ல செய்தியிலும் தலைப்பை அப்படியே விழுங்காதே. இளம்பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தால் தாங்கும் என்பதே உண்மையான செய்தி. நவம்பர் மழைக்கு அது பெரிய உதவி. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து மணி முளைத்ததே, அதற்கு அந்த மரபணு ஒன்றும் செய்யாது. செய்தியில் 'வெள்ளம்' என்று இருந்தது, எந்த மாதத்து வெள்ளம் என்று இல்லை.

கடைசியாக நீ கேட்ட 'கமலா'. 2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல்லில் ஒன்று அது. ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் சம்பா மசூரியில் செய்தது. சம்பா மசூரி என்றால் நம் வீட்டில் பொங்குகிற பிபிடி 5204-தான். அந்த விதையில் வெளியிலிருந்து வந்த மரபணு எதுவும் இல்லை. கதிரில் மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் அதன் சொந்த மரபணு ஒன்றை கிறிஸ்பர் முறையில் வெட்டியிருக்கிறார்கள். 19 சதம் கூடுதல் விளைச்சல், 20 நாள் முன்னதாக அறுவடை என்றார்கள். ஹெக்டேருக்கு 4.5 டன், சுமார் 5.4 டன்னாகிறது. நம் கணக்கில் ஏக்கருக்கு 30 மூட்டை 36 ஆகிறது. சோதனைகளின் சொந்தப் புள்ளிவிவரங்களே இதை நிரூபிக்கவில்லை என்று மரபணு மாற்றப் பயிர்களை எதிர்ப்பவர்களின் கூட்டமைப்பு அதே வருஷம் குற்றம் சாட்டியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மறுத்தது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நோக்கம் உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் படி.

எனக்கு உறுத்துவது விளைச்சல்கூட இல்லை, அந்த 20 நாள்தான். டில்லியிலிருந்து பார்த்தால் மூன்று பாசனம் மிச்சம். ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடிய பிறகு தவிக்கிற கடைமடைக்காரருக்கும் அது வரம்தான். ஆனால் வழக்கமான நாளில் நாற்று விட்டால், பூக்கும் நேரம் வடகிழக்குப் பருவமழையின் நடுவே விழும். அப்போது பதர் எவ்வளவு? அதைத் தவிர்க்க நாற்றைத் தள்ளி விட்டால், வாய்க்காலில் தண்ணீர் எப்போது வருமோ அதற்குச் சரியாக வருமா? இதற்கான பதில் ஹைதராபாத்தில் கிடைக்காது.

விதை எப்போது நம் கைக்கு வந்தாலும் ஆற்றோர வயலில் அரை மா உனக்கென்று ஒதுக்கித் தரச் சொல்லி உன் அப்பாவிடம் பேசிவிட்டேன். ஒட்டியே அரை மா பிபிடி. ஒரே நாளில் நாற்று, ஒரே நாளில் நடவு, ஒரே உரம். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆசையாகக் களை எடுக்கக்கூடாது. பூத்த தேதி, அன்று பெய்த மழை, புகையான் பூச்சி விழுந்ததா, ஒரு கதிரில் மணி எத்தனை, பதர் எத்தனை எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். நெல்லைக் காயவைத்து ஈரப்பதம் பார்த்து எடை போடு, 17 சதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் உன்னையும் திருப்பி அனுப்புவார்கள். வைக்கோலையும் நிறுத்து எழுது. சோறு எப்படி என்பதை அம்மாவிடம் விட்டுவிடு, எந்த அரிசி எது என்று சொல்லாமல் பொங்கச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா