மஞ்சள் பிள்ளையாரும் யாழினியும்

புதுவயல்,
ஐப்பசி 25

அன்புள்ள உமையாளுக்கு,

ஐயா எழுதிக்கொள்வது. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஆலைக் களத்தில் அவித்த நெல்லைக் காயப்போட வழியில்லாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். தெரு முழுக்க அவியல் நெல் வாசம். சின்னப் பிள்ளையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே, அதே வாசம்தான்.

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய நீளமான சேதியை யாரிடமும் காட்டவில்லை, பயப்படாதே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே நாலு தடவை படித்தேன். உன் ஆத்தாவிடமும் சொல்லவில்லை. அந்தச் சின்னத் திரையில் பதில் எழுத எனக்கு விரல் போதாது. அதனால் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். பெங்களூரில் தனி அறை, வீட்டிலிருந்தே வேலை. நாலு மாதமாகத் தினமும் ராத்திரி அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து ஒரு பெண்ணை மனசில் உருவாக்குகிறாய். பேர் யாழினி. முகம், குரல், அவள் தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாசம் வரைக்கும் ஒவ்வொன்றாகச் சேர்த்தாய். முதலில் நீதான் பேசிக்கொண்டிருந்தாய். இப்போது அவளே பதில் சொல்கிறாள், நீ நினைக்காததைச் சொல்கிறாள். இதற்குத் ‘துல்பா’ என்று பேர், இது திபெத்துக்காரர்களின் வித்தை. ‘ஐயா, இது தப்பா, எனக்குப் பைத்தியமா’ என்று கேட்டிருக்கிறாய்.

பைத்தியம் இல்லை. தப்பா என்பதற்குத்தான் இத்தனை பக்கம்.

திபெத்து என்றாயே, அதில் பாதிதான் சரி. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு உருவெடுத்து வருவது என்று பொருள். தலாய் லாமாவைத் ‘துல்கு’ என்கிறார்களே, அதுவும் அதே வேரில் வந்த சொல்தான். புத்த நிலை எய்தியவர் ஊருக்கு உதவ ஒரு உருவம் எடுப்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். தனியாக இருக்கிற பெண் பேச்சுத் துணைக்கு ஒருத்தியைச் செய்துகொள்வது அதில் இல்லை. அந்த அர்த்தம் வந்து ஒட்டிக்கொண்டதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அடையாற்றில் பிரம்மஞான சபை இருக்கிறதே, அதன் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் சேர்ந்து, மனசில் நினைப்பது உருவமாகத் திரண்டு நிற்கும் என்று நூறு வருஷத்துக்கு முன்னாலேயே படம் போட்டுப் புத்தகம் எழுதினார்கள். அந்தச் சபையோடு பழக்கமுள்ள ஒரு பிரெஞ்சுக்காரி, அலெக்சாந்திரா டேவிட்-நீல். 1911-ல் இந்தியா வந்து அடையாற்றில் தங்கினார், புதுச்சேரிக்குப் போய் அரவிந்தரையும் பார்த்தார். பாரதி அந்த ஊரில் இருந்த காலம் அது. பிறகு வடக்கே ஏறி, 1924-ல் பிச்சைக்காரி வேஷத்தில் லாசாவுக்குள்ளேயே நுழைந்துவிட்டார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த மனுஷி. லேசுப்பட்ட ஆள் இல்லை.

1929-ல் வெளிவந்த அவருடைய திபெத்துப் புத்தகத்தில்தான் உன் யாழினிக்கு அக்காள் முறையான ஒரு கதை இருக்கிறது. குட்டையாக, குண்டாக, கள்ளங்கபடம் இல்லாத ஒரு பிக்குவைச் செய்து பார்க்கலாம் என்று சில மாதங்கள் தனியறையில் உட்கார்ந்து அவர் பயிற்சி பண்ணினார். ஆள் வந்துவிட்டார். பிறகு குதிரையில் பயணம் கிளம்பினால் கூடவே அவரும் வருகிறார். அங்கி உரசுகிறது, ஒரு தடவை தோளில் கை பட்டதுபோல் இருந்தது. வரச் சொல்லாதபோதும் வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குண்டு முகம் வற்றி, ஏளனமும் சூதும் குடியேறின. வெண்ணெய் கொண்டுவந்த இடையன் ஒருவன் கூடாரத்தில் அவரைப் பார்த்துவிட்டு நிஜமான லாமா என்றே நினைத்தான் என்கிறார். கடைசியில் அவரைக் கலைக்க ஆறு மாதம் பாடுபட வேண்டியிருந்ததாம். எல்லாம் என் மயக்கமாகவே இருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இடையன் பார்த்தான் என்பதை நான் நம்பவில்லை. செய்ய ஆன காலத்தைப் போலவே கலைக்கவும் மாதக்கணக்கில் ஆயிற்று என்கிறாரே, அதை நம்புகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மனசில் ஒன்றைக் கட்டுவது நமக்குப் புதுசில்லை. திருநின்றவூர்ப் பூசலாரைப் பெரியபுராணத்தில் படித்திருப்பாய். கையில் காசில்லாமல், கல்லும் மரமும் தச்சரும் மனசிலேயே தேடி, நாள் பார்த்து அடிக்கல் போட்டு, குடமுழுக்குக்குத் தேதியும் குறித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த ராஜாவும் அதே நாளைத்தான் குறித்திருந்தார். சிவன் கனவில் வந்து சொன்னதால் அவர் தன் குடமுழுக்கைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. ஒன்று கவனித்தாயா? பூசலார் கட்டியது கோயிலை மட்டும்தான். சாமியை அவர் செய்யவில்லை. இடத்தைச் செய்துவிட்டு, வர வேண்டியவர் வரட்டும் என்று காத்திருந்தார்.

எங்கப்பச்சி சங்கதி உனக்குத் தெரியாது. பதினாலு வயதில் சிங்கப்பூருக்குக் கொண்டுவிக்கப் போனவர். மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் பெட்டியடிப் பையன். ஆளுக்கு ஒரு பாய் விரிக்கிற இடம், ஒரு மரப்பெட்டி. பகலில் அதுவே கடை, ராத்திரி அதன் பக்கத்திலேயே படுக்கை. மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர். பக்கத்தில் இருபது பேர் படுத்திருந்தாலும் ராத்திரியில் அழுகை வருமாம். அப்போது அவருக்குத் துணை முருகன். டேங்க் ரோட்டில் நம்மவர்கள் 1859-ல் கட்டிய தண்டாயுதபாணி. கோயிலில் கும்பிட்டது போக, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவார். ஊருக்குத் திரும்பிக் கிழவரான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பட்டாலையில் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு, ‘என்னப்பா, இவனுக்குக் கடன் கொடுக்கலாமா?’ என்பார். கொஞ்ச நேரம் காதைச் சாய்ப்பார். பிறகு எழுதுவார்.

ஒரு நாள் நான் கேட்டேன், ‘முருகன் சொன்னால் அப்படியே கொடுத்துடுவீகளா?’ அப்பச்சி சிரித்தார். ‘அவன் சரின்னு சொன்னாலும் பக்கத்துப் பெட்டிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவேன். அதுக்கப்புறம் ஈடு வாங்கிக்குவேன்’ என்றார்.

உமையாள், எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிட நல்ல யோசனை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

யாழினி தானாகப் பேசுகிறாள் என்பதை நான் சந்தேகப்படவில்லை. அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் என்ற அம்மாள், குழந்தைகளுக்கு இருக்கும் கற்பனைத் தோழர்களைப் பற்றி வருஷக்கணக்காக ஆராய்ந்தவர். கதை எழுதும் 50 பேரைக் கேட்டபோது, 100-க்கு 92 பேர், தாங்கள் உண்டாக்கிய பாத்திரம் சொந்தப் புத்தியோடு நடந்துகொண்ட அனுபவம் கொஞ்சமாவது உண்டு என்றார்கள். நம் எழுத்தாளர்களைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். தினமும் பழக்கிய கை வண்டி ஓட்டுகிற மாதிரி, பழக்கிய மனசின் ஒரு மூலை நம்மைக் கேட்காமலே வேலை பார்க்கிறது. பாரதி ஒரே கண்ணனைத் தோழனாக, தாயாக, சேவகனாக, சீடனாகப் பேச வைத்தான். ஆனால் அந்தக் கண்ணன் 1917-ல் அச்சேறி ஊருக்குப் பொதுவாகிவிட்டான். உன் யாழினி உன் அறைக்கதவைத் தாண்டவில்லை.

இனி என் கதை. இது யாருக்கும் தெரியாது.

உன் ஆயா போய் வருகிற மாசியோடு நாலு வருஷம். முதல் வருஷம் முழுக்க நான் அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். காலையில் காப்பிக்கு இரண்டு டபராவை எடுத்து வைப்பேன். ‘சீனி எதுக்கு ரெண்டு கரண்டி?’ என்பாள், அவள் குரலிலேயே. நான் யோசித்துப் போட்ட வசனம் இல்லை அது. வந்து விழும். எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாளாக ஆக அவள் சாதுவாகிவிட்டாள். கல்யாணத்துக்குப் போகணுமா என்றால், ‘எதுக்கு அலைச்சல், பேசாம இருங்க’ என்றாள். வெள்ளிக்கிழமை சாக்கோட்டைக் கோயிலுக்குப் போவதை விட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. உன் ஆத்தா போன் பண்ணினால் எடுக்காமல் இருந்தேன், அதற்கும் சரி. ஒரு சாயங்காலம் வளவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது சுருக்கென்று உறைத்தது. நாற்பத்தாறு வருஷத்தில் உன் ஆயா நான் சொன்னதற்கு மறுபேச்சில்லாமல் சரி சொன்ன நாள் ஒன்று கூடக் கிடையாது. அப்படியானால் இத்தனை நாள் என்னோடு பேசிக்கொண்டிருந்தது யார்?

பிரெஞ்சுக்காரியின் பிக்கு எதிரியாகப் போனார். என் ஆள் ஆமாஞ்சாமியாகப் போனாள். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. எதிரியென்றால் விரட்டத் தோன்றும், ஆமாஞ்சாமியை யார் விரட்டுவார்கள்? அவளிடமிருந்து விடுபட எனக்கும் ஆறேழு மாதம் ஆயிற்று. முதலில் இரண்டாவது டபராவை அலமாரியில் கவிழ்த்தேன். அதற்கே ஒரு வாரம் பிடித்தது.

சென்னையில் நடந்த இன்னொரு ஆராய்ச்சியையும் சொல்கிறேன். தான்யா லூர்மன் என்பவரும் கூட இருந்தவர்களும் சென்னை, ஆப்பிரிக்காவின் அக்ரா, அமெரிக்காவின் சான் மேட்டியோ என்ற மூன்று ஊர்களில், மனச்சிதைவு நோயால் குரல் கேட்கிறவர்களை ஊருக்கு 20 பேராகப் பேட்டி எடுத்தார்கள். அமெரிக்காவில் அந்தக் குரல்கள் பெரும்பாலும் சண்டை, கொலை என்றே பேசின. சென்னையில் 11 பேருக்கு அது சொந்தக்காரர் குரல். அம்மா, மாமியார், நாத்தனார். சமை, குளி, சாப்பிடு என்று சொல்கிற குரல்கள். நோயிலும் நம் ஊர்க் குரல் குடும்பத்துக்குள்தான் சுற்றுகிறது. நீ செய்வது நோய் இல்லை. நீ விரும்பி உட்கார்ந்து, விரும்பி எழுந்திருக்கிறாய். ஆனாலும் உன் யாழினியைச் சோதிக்க அதில் ஒரு வழி இருக்கிறது. மணி பத்தாச்சு, போய்ச் சாப்பிடு என்கிறாளா? உன் ஆத்தாவுக்குப் போன் போடு என்கிறாளா? இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் என்கூட இரு என்கிறாளா? மூன்றாவது என்றால் அவள் உனக்குத் தோழி இல்லை.

நம் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் முதல் வேலை என்ன? வெற்றிலையில் மஞ்சள் பிள்ளையார். மஞ்சள்பொடியில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூன்று விரலால் கூம்பாகப் பிடித்து, உச்சியில் அருகம்புல் செருகி, குங்குமம் வைப்பது. சின்னப் பிள்ளையில் அது உன் வேலை, கோணலாகப் பிடிப்பாய். ஐயர் மந்திரம் சொல்லி அழைத்ததும் அந்த மஞ்சள் உருண்டை சாமி. எல்லாரும் விழுந்து கும்பிடுவோம். பூஜை முடிந்ததும் என்ன செய்வார், ஞாபகம் இருக்கிறதா? ‘யதாஸ்தானம்’ என்று சொல்லி, இலையோடு கொஞ்சம் வடக்கே நகர்த்துவார். அவ்வளவுதான், மறுபடி மஞ்சள். தண்ணீரில் கரைத்து உன் ஆயா முல்லைக்கொடிக்கு ஊற்றுவாள். அழைத்தவரே அனுப்பியும் வைக்கிறார். பிரெஞ்சுக்காரியும் நானும் அழைக்க மட்டும் தெரிந்துகொண்டு, அனுப்பும் வேலையைக் கற்காமல் விட்டவர்கள். அதனால்தான் மாதக்கணக்கில் பட்டோம்.

ஆகவே யாழினியை உடனே கலைத்துவிடு என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீ கேட்க மாட்டாய். அரை மணிக்கு உட்கார்ந்தால் அரை மணியில் எழுந்திரு. எழுந்திருக்கும்போது வாய் விட்டு, போய் வா என்று சொல். வாரத்தில் இரண்டு நாள் அழைக்காமல் இருந்து பார். இருக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே எனக்குப் போன் போடு. அடுத்த கட்டமாக அவளை அறையில் கண்ணெதிரே நிற்கப் பார்க்கப் பழகப் போவதாகவும், அப்புறம் உன் உடம்பையே கொஞ்ச நேரம் அவள் வசம் விடலாம் என்று படித்ததாகவும் எழுதியிருக்கிறாயே, அது இரண்டும் வேண்டாம். இதில் பேரம் கிடையாது. வீட்டுச் சாவியை வந்த விருந்தாளியிடம் கொடுப்பார் உண்டா?

யாழினி எது சொன்னாலும் பக்கத்துப் பெட்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேள். உனக்கு அப்படி யாரும் இல்லை என்பதுதானே உன் குறை? முதல் பெட்டிக்காரனாக என்னை வைத்துக்கொள். அந்த மாடியில் எதிர் அறையில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னாயே, அவள் பேராவது தெரியுமா? யாழினியின் எண்ணெய் வாசம் வரைக்கும் எழுதிய நீ, அந்தப் பெண்ணின் பேரை எழுதவில்லை.

அழைக்காமலே குரல் வந்தால், தூக்கம் கெட்டால், உன்னையோ யாரையோ நோகடிக்கச் சொன்னால், ஒரு நாள் கூடத் தாமதிக்காதே. 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி இருக்கிறது. ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் போவதென்றால் நானே பஸ் ஏறி வந்து கூட்டிப் போகிறேன். முழங்கால் வலியெல்லாம் ஒரு சாக்கு இல்லை.

தையில் நம் வீட்டுப் படைப்பு. புதுச் சேலை, வேட்டி எடுத்தாயிற்று. போனவர்களுக்கு இலை போடுவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான், உன் ஆயாவுக்கும் அன்றைக்குத்தான். பொங்கலுக்கே வந்து பத்து நாள் இரு. யாழினியைக் கூட்டி வந்தாலும் வா. ஆனால் இலை உனக்கு மட்டும்தான் போடுவேன். எதிர் அறைப் பெண்ணைக் கூட்டி வந்தால் இரண்டாகப் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஐயா