தேய்ந்த கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்

காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் கிளுவை வேலியும், வெள்வேல் நிழலும், கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்ததே கொறங்காடு. காங்கயம் மாட்டினம் வளர்ந்தது இம்மேய்ச்சலில்தான். ஓய்வின்றி மேய்க்கப்படும் காடுகளில் இப்புல் குறைந்து, ஆவாரையும் ஊசிப்புல்லும் பெருகிவிடுகின்றன. அத்தகைய காட்டைப் புதுப்பிக்கும் முறையைக் காண்போம்.

புல் ஏன் அழிகிறது?

கால்நடைகள் சுவையான புல்லையே முதலில் கடிக்கின்றன. விதை விழும் முன்னரே தழை போய்விடுவதால் தூர் மெலிந்து, வேர் குன்றி, கோடையில் காய்ந்துவிடுகிறது. கால்நடை தொடாத செடிகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே, மேய்ச்சலை ஒழுங்கு செய்யாமல் விதை மட்டும் தூவினால் செலவே மிஞ்சும்.

விதைப்பு

கோடை மழையில் உழுது, ஆவாரை, சீமைக் கருவேல் முதலியவற்றை வேரோடு அகற்றித் தொழு உரம் இடவும். கோ 1 நீலக் கொழுக்கட்டைப் புல் மானாவாரிக்கு ஏற்றது. ஏக்கருக்கு இரண்டரை முதல் 3 கிலோ விதை போதும். புது விதைக்கு உறக்கம் உண்டு; அறுவடை செய்து 6 முதல் 8 மாதம் கழிந்த விதையையே பயன்படுத்துங்கள். விதை பஞ்சுபோல் ஒட்டிக்கொள்ளும். ஈர மணலுடன் கலந்தால் சீராக விழும். ஜூன்-ஜூலை அல்லது செப்டம்பர்-அக்டோபர் மழையில், வரிசைக்கு வரிசை 50 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளியில், மேலாக விதைத்து மெல்லிய மண் மூடவும். ஆழத்தில் விழுந்த விதை முளைக்காது.

மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் விதைத்தால் புரதமும் கிடைக்கும், மண்ணும் வளம் பெறும்.

மேய்ச்சல் ஒழுங்கு

விதைத்த 70 முதல் 75 நாளில் முதல் அறுப்பு எடுக்கலாம். தரையோடு அறுக்காமல், நான்கு விரற்கடை அடித்தாள் விடுங்கள். முதல் ஆண்டில் அறுத்துப் போடுவதே நல்லது. மேயவிட்டால் இளந்தூர் வேரோடு பிடுங்கப்படும்.

"ஓராண்டு மூடினால் மாட்டை எங்கே விடுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. முழுக் காட்டையும் ஒரே ஆண்டில் உழ வேண்டாம். நான்கில் ஒரு பங்கை மட்டும் வேலியிட்டுப் புதுப்பியுங்கள். மற்றதில் வழக்கம்போல் மேயட்டும். நான்கு ஆண்டில் காடு முழுவதும் திருந்திவிடும்.

அதன்பின் நான்கு பகுதிகளையும் மாற்றி மாற்றி மேய்த்து, ஆண்டுதோறும் ஒரு பகுதியில் விதை முற்றி உதிரும்வரை மேய்ச்சலை நிறுத்துங்கள். உதிரும் விதையே அடுத்த மழைக்கு முதலாகும்.