கண்ணாடி அரண்மனையின் மொழிபெயர்ப்பாளர்

கேள்வி: பர்மிய வரலாறு பற்றிப் படித்தால் ஜி.எச். லூஸ் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்? (வாசகர், காரைக்குடி)

பதில்: இங்கிலாந்தில் 1889-இல் பிறந்தவர். ரங்கூன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்க 1912-இல் போனார்; போன இடத்தில் பர்மிய மொழி அவரைப் பிடித்துக்கொண்டது. நண்பரும் பாலி அறிஞருமான பே மாங் தின்னின் தங்கையை 1915-இல் மணந்தார். அந்நாளைய வெள்ளைக்காரர்கள் முகம் சுளித்த கல்யாணம்! மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து பர்மிய மன்னர்களின் 'கண்ணாடி அரண்மனை வரலாறு' நூலின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். 1923-இல் அச்சானது.

ஆனால் லூஸின் உயிர் பர்மாவின் பழைய தலைநகரான பாகானின் கல்வெட்டுகளில்தான் இருந்தது. அங்கே மியாசேடிக் கல்தூணின் நான்கு முகங்களிலும் ஒரே செய்தி பாலி, மோன், பியூ, பர்மியம் என நான்கு மொழிகளில் இருக்கும். இப்படிப்பட்ட கற்களைப் படியெடுத்துப் படித்தே ஆயுளைக் கழித்தார். (அதே பாகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. விஷ்ணு கோயிலுக்கு மலைமண்டலத்தார் ஒருவர் கொடுத்த கொடையைச் சொல்கிறது.)

1964-இல், நே வின் ராணுவ ஆட்சியில், பர்மாவை விட்டே அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அரை நூற்றாண்டு உழைத்தவருக்கு இது பெரிய அநியாயம். அதன் பிறகுதான் பாகான் பற்றிய அவருடைய மூன்று தொகுதிப் பெருநூல் வெளிவந்தது. 1979-இல் ஜெர்சி தீவில் காலமானார்.