போக்கர் கோச்சுக்குப் பணம் கட்டும் முன்: பயனுள்ள குறிப்புகள்

என் தம்பி சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போக்கர் கோச்சுக்கு நாற்பதாயிரம் ரூபாய் கட்டினான். கட்டுவதற்கு முன் அவன் பார்த்த ஒரே சான்று, அந்தக் கோச்சின் லாப வரைபடத்தில் மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோடு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பணம் போன பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டவற்றை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது இணைய போக்கர், டோர்னமென்ட், கோச்சிங் என்று பேசத் தொடங்கினால் உதவும்.

1. "எவ்வளவு ஜெயித்தீர்கள்?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "எத்தனை டோர்னமென்ட் ஆடினீர்கள், நுழைவுக் கட்டணமாக மொத்தம் எவ்வளவு கட்டினீர்கள்?" என்று கேளுங்கள். 10 டாலர் போட்டிகள் 2,000 ஆடியவர் கையிலிருந்து 20,000 டாலர் போயிருக்கிறது. அவர் 22,000 டாலர் பரிசு வாங்கியிருந்தால் லாபம் 2,000, அதாவது போட்டதற்கு 10 சதவீதம். ஆட்டக்காரர்கள் இதை ஆர்.ஓ.ஐ. என்பார்கள். விளம்பரத்தில் வருவதோ 22,000 மட்டும்தான்.

2. கணக்கு நீளமாக இருக்க வேண்டும். எவ்வளவு நீளம் என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். ஆயிரம் பேர் ஆடும் டோர்னமென்டில் முதல் பரிசு மொத்தத் தொகையில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படிப்பட்ட போட்டிகள் 1,000 ஆடி முடித்த பிறகும், சீட்டு விழுகிற விதம் மட்டுமே ஒருவருடைய ஆர்.ஓ.ஐ.யைச் சுமார் 25 சதவீதம் மேலே தூக்கவோ கீழே தள்ளவோ முடியும். ஆயிரம் போட்டியில் 20 சதவீத லாபம் காட்டுகிறவர் உண்மையில் நஷ்டத்தில் ஆடுகிறவராகவே இருக்கலாம். அதேபோல் நஷ்டம் காட்டுகிறவர் நல்ல ஆட்டக்காரராகவும் இருக்கலாம். 10,000 போட்டிகள் என்றால் இந்த ஊசலாட்டம் 8 சதவீதத்துக்குச் சுருங்கும். ஒன்பது பேர் மட்டும் ஆடும் ஒற்றை மேசைப் போட்டி என்றால் ஆயிரம் ஆட்டத்திலேயே ஓரளவு உண்மை தெரிந்துவிடும். ஆகவே எண்ணிக்கையோடு, எத்தனை பேர் ஆடிய போட்டி என்பதையும் கேளுங்கள்.

3. மிகப் பெரிய ஒரு பரிசை மட்டும் கழித்துவிட்டு மீதிக் கணக்கைப் பாருங்கள். டோர்னமென்ட் லாபம் எப்போதும் சில பெரிய பரிசுகளில்தான் வரும். அதனால் இதை வைத்து ஒருவரை மட்டம் தட்டிவிடக் கூடாது. ஆனால் அந்த ஒன்றைக் கழித்ததும் எல்லாம் பெரிய நஷ்டமாக மாறினால், அவரைப் பற்றி முடிவு சொல்ல அந்தக் கணக்கு போதாது என்று அர்த்தம்.

4. ஒரு பட்டத்தைக் கண்டு மயங்க வேண்டாம். 2003-இல் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவன்ட்டில் 839 பேர் ஆடினார்கள். 25 லட்சம் டாலர் பரிசை வென்றவர் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர். 10,000 டாலர் கட்டணப் போட்டிக்கு, நூறு டாலருக்கும் குறைவான ஓர் இணையத் தகுதிப் போட்டியில் ஜெயித்து அவர் போயிருந்தார். அந்தச் செய்தி பரவி, 2006-இல் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள். ஸ்டூ உங்கர் 1997-இல் மூன்றாம் முறையாக மெயின் ஈவன்ட்டை வென்றார். அதற்குப் பிறகு ஒருவரும் இரண்டாம் முறை அதை வென்றதில்லை. அத்தனை ஆயிரம் பேர் நடுவில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் ஒரு போட்டியில் வாய்ப்பு சிறியதுதான்.

5. ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள். திரையைப் பகிரச் சொல்லி, ஷார்க்ஸ்கோப் போன்ற கணக்குத் தளத்தில் உங்கள் கண் முன்னே பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். தேதி வடிகட்டியை நீக்கச் சொல்லுங்கள். எந்தெந்தத் தளங்களில் எந்தெந்தப் பெயரில் ஆடுகிறார் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். லாபமான பெயரை மட்டும் காட்டி, மற்ற பெயரை மூடிவைப்பது சுலபம். சிலர் தங்கள் கணக்கைப் பிறர் பார்க்க முடியாதபடி வைத்திருப்பார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் மாணவரிடம் பணம் வாங்குகிறவர் மாணவருக்குக் காட்டத்தான் வேண்டும்.

6. நேரில் ஆடும் போட்டிகளின் பரிசுகளை ஹெண்டன் மாப் என்ற தளம் பட்டியலிடுகிறது. அங்கே காண்பது வாங்கிய பரிசுத் தொகை மட்டுமே. கட்டிய கட்டணம் கழிக்கப்படுவதில்லை. பத்து முறை 10,000 டாலர் கட்டி, 80,000 டாலர் பரிசு வாங்கியவர் உண்மையில் 20,000 இழந்தவர். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 80,000 என்றே இருக்கும்.

7. ஆடுவது யார் பணம்? டோர்னமென்ட் ஆட்டக்காரர்களில் பலர் பிறர் போடும் பணத்தில் ஆடுகிறார்கள். அதற்கு ஸ்டேக்கிங் என்று பெயர். இதுவரை ஏற்பட்ட நஷ்டத்தை மேக்கப் என்பார்கள். பரிசு வந்தால் முதலில் அதைத்தான் அடைக்க வேண்டும். 60,000 டாலர் வென்றவருக்கு 30,000 மேக்கப் இருந்து, மீதியைப் பாதிப் பாதி பிரித்தால் கையில் நிற்பது 15,000.

இன்னொரு வழக்கமும் உண்டு: தன் ஆட்டத்தில் பங்கு விற்பது. 100 டாலர் போட்டியில் பத்தில் ஒரு பங்கின் விலை 10 டாலர்; அதை 13 டாலருக்கு விற்பார்கள். வாங்குகிறவருக்குப் போட்ட பணம் திரும்ப வரவே அந்த ஆட்டக்காரருக்கு 30 சதவீத ஆர்.ஓ.ஐ. வேண்டும். அதை நிரூபிக்க எத்தனை போட்டி தேவை என்று இரண்டாம் குறிப்பைப் பாருங்கள். "இப்போது கட்டணம் வேண்டாம், பிறகு லாபத்தில் பங்கு கொடுங்கள்" என்கிற கோச் ஒப்பந்தத்திலும் நஷ்டம் யார் தலையில், பாதியில் விலகினால் என்ன, எத்தனை போட்டி ஆடியே ஆக வேண்டும் என்ற மூன்று வரிகளையும் தேடிப் படியுங்கள்.

8. என்னைக் கேட்டால் இதுதான் இந்தப் பட்டியலிலேயே சிறந்த சோதனை. நீங்கள் ஆடிய ஐந்து கைகளை (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) எழுதி, முடிவை மட்டும் மறைத்து கோச்சிடம் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதில் இரண்டைச் சீட்டின் நிறத்தை மட்டும் மாற்றி மீண்டும் கொடுங்கள். பதில் ஒன்றாக இருக்கிறதா? எதிராளியிடம் என்னென்ன சீட்டுகள் இருக்கலாம், ஆளுக்கு எத்தனை பிளைண்டுக்கு (கட்டாயமாக வைக்கும் தொடக்கப் பந்தயம்) சிப் இருக்கிறது, பரிசு எங்கே தொடங்குகிறது என்று கேட்டபின் பதில் சொல்கிறாரா? "இது இரண்டும் கெட்டான் இடம், எப்படி ஆடினாலும் பெரிய வித்தியாசமில்லை" என்று ஒரு கையிலாவது சொல்கிறவரை நான் நம்புவேன். முடிவு தெரிந்த பிறகு மட்டும் தெளிவாகப் பேசுகிறவரிடம் படிக்க ஒன்றுமில்லை.

9. இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் மீதி, மூவரிடமும் சமமான சிப். பரிசு 50, 30, 20. ஒருவர் ஆல்-இன் போடுகிறார், அதாவது எல்லாச் சிப்பையும் வைக்கிறார்; நான் கால் செய்ய, அதாவது அதே அளவு வைத்து ஆட, எத்தனை சதவீதம் ஜெயிக்கும் வாய்ப்பு வேண்டும்? பாதிக்குப் பாதி போதும் என்பவருக்கு டோர்னமென்ட் தெரியாது. இப்போது உங்கள் பங்கின் மதிப்பு 33.3. தோற்றால் 20, இழப்பு 13.3. ஜெயித்தால் சிப் இரட்டிப்பாகும், ஆனால் மதிப்பு 43.3 தான், ஆதாயம் வெறும் 10. ஆகவே 57 சதவீதம் வேண்டும். சிப்புக்கும் பணத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை ஐ.சி.எம். என்பார்கள். டோர்னமென்ட் கோச் என்று சொல்லிக்கொள்கிறவருக்கு இது பால பாடம்.

10. திறமை வேறு, நாணயம் வேறு. ரஸ் ஹாமில்டன் 1994-இல் வேர்ல்ட் சீரிஸ் மெயின் ஈவன்ட் வென்றவர். அல்டிமேட்பெட் தளத்தில் எதிராளிகளின் சீட்டுகளைப் பார்த்தபடி ஆடிய மோசடிக்கு முக்கியப் பொறுப்பாளி அவரே என்று, அத்தளத்துக்கு உரிமம் தந்த கானவாகே கேமிங் கமிஷன் 2008-இல் அறிவித்தது. 2007-இல் போக்கர்ஸ்டார்ஸ் நடத்திய இணையத் தொடரின் மெயின் ஈவன்ட்டில் 'தவாய்ட்' என்ற பெயரில் ஆடி முதலிடம் பிடித்தவர் விதிமீறலுக்காகத் தகுதி நீக்கப்பட்டார். 12 லட்சம் டாலருக்கு மேலான முதல் பரிசு இரண்டாமவருக்குப் போனது. இணையத்தில் ஒரு பெயருக்குப் பின்னால் ஆடுவது யார் என்பதே முதல் கேள்வி.

11. எண்கள் நம்ப முடியாத அளவு நன்றாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். 2007-இல் அப்சல்யூட் போக்கர் தளத்தில் இதேபோல் எதிராளிகளின் சீட்டைப் பார்த்து ஆடிய மோசடியை வெளியே கொண்டுவந்தது, ஒரு கணக்கு தவறே செய்யாமல் ஆடியதைக் கண்டு சக ஆட்டக்காரர்கள் கேட்ட கேள்விகள்தான்.

12. "உறுதியான வருமானம்", "இரண்டே இடம் பாக்கி", "இந்த ரகசியம் வேறு யாருக்கும் தெரியாது": இந்த மூன்றில் ஒன்று காதில் விழுந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

13. முழுப் பயிற்சிக்கும் மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கட்டி, உங்கள் கைகளைப் பற்றியே பேசச் சொல்லுங்கள். எப்படி ஆடுவது சிறந்தது என்று கணக்கிடும் சால்வர் மென்பொருள் தரும் அட்டவணையைப் படித்துக் காட்டுகிறவரிடம் "ஏன்?" என்று இரண்டு முறை கேளுங்கள். ஆடும்போதே அதைப் பார்த்து ஆடச் சொன்னால், தளங்கள் தடை செய்த காரியத்தைச் செய்யச் சொல்கிறார்.

14. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று கூறி, அவற்றின் மீதான தமிழக அரசின் தடையை நீக்கியது. அந்தத் தீர்ப்பைக் காட்டி இன்றும் ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அவற்றுக்கு விளம்பரம் செய்வதும் குற்றம். இங்கே உட்கார்ந்து பணம் கட்டி ஆடக் கூப்பிடும் கோச் இதைப் பற்றி உங்களிடம் சொன்னாரா?

15. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடிவைக்காதீர்கள். என் தம்பி எட்டு மாதம் மூடிவைத்தான். அதற்குள் இன்னும் இரண்டு பேர் அதே ஆளிடம் பணம் கட்டிவிட்டார்கள். பணம் அனுப்பிய ரசீது, பேசிய செய்திகள் எதையும் அழிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அன்றைக்கே அழையுங்கள்.