ஒரு பெயரும் இரு புரதங்களும்

எமது கல்லூரியின் உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் ஒருவர், ஆய்வுகூடப் பொருள்களின் விலைப்பட்டியல் ஒன்றைக் கொணர்ந்து, அதிலுள்ள ஆங்கிலத் தொடரொன்றைத் தமிழாக்கித் தருமாறு வேண்டினார். ‘நெருக்கீட்டால் ஊக்கப்படும் புரதக் கைனேசுக்குரிய பிறபொருளெதிரி’ என எழுதிக் கொடுத்தோம். “ஐயா, பூநகரியில் உவரேறிய வயலின் நெல்லை இதைக்கொண்டு சோதிக்கலாமா?” என்று அவர் அடுத்து வினவினார். சொல்லைப் பெயர்த்த யாம் பொருளை அறிந்திலேம். விஞ்ஞான ஆசிரியரை உசாவியும் நூல்களை நாடியும் யாம் கற்றுக்கொண்ட பாடமே இக்கட்டுரை.

தொடரை ஈற்றிலிருந்து பிரித்தல் நன்று. உடலிற் புகுந்த அயற்பொருளைத் தேர்ந்து பற்றும் புரதமே பிறபொருளெதிரி. ஆய்வாளர் தாம் தேடும் புரதத்தின் ஒரு துண்டை முயலின் உடலிற் செலுத்தி, பின்னர் அதன் குருதியிலிருந்து இதனைப் பெறுவர். ஒரே வகைப் பிறபொருளெதிரியைத் தொடர்ந்து சுரக்கும் கலங்களை ஆக்கும் வழியைக் கோலரும் மில்சுடைனும் 1975 இல் கேம்பிரிட்சில் கண்டனர். 1984 இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர்.

பொசுபேற்றுக் கூட்டத்தைப் பிறிதொரு மூலக்கூறின்மீது ஏற்றும் நொதியம் கைனேசு எனப்படும். ஏற்பது புரதமாயின் அது புரதக் கைனேசு. வெப்பம், ஊதாக்கடந்த கதிர், உவர் முதலியவற்றாற் கலம் நெருக்குண்டபோது விழித்தெழும் கைனேசுகள் உள. அவை விழிக்கும் விதம் வியப்புக்குரியது. விலங்குக் கலத்திலுள்ள இந்நொதியத்தின் 183ஆம், 185ஆம் இடங்களில் நிற்கும் இரு அமினோவமிலங்கள்மீது வேறு நொதியங்கள் பொசுபேற்றை ஏற்றிய பின்னரே அது முழு ஆற்றலுடன் தொழிற்படும்.

ஆதலின் இதற்குரிய பிறபொருளெதிரியும் இருவகைப்படும். புரதம் துயிலினும் விழிப்பினும் பற்றுவது ஒன்று. பொசுபேற்று ஏறியதை மட்டும் பற்றுவது மற்றொன்று. இடாப்பிற் பெயருள்ளார் அனைவரும் வகுப்பில் விழித்திருப்பதில்லை என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர்! புரதக் கலவையைக் கூழில் மின்னோட்டத்தாற் பருமன்வாரியாகப் பிரித்து, மென்றகட்டுக்கு மாற்றி, பிறபொருளெதிரிக் கரைசலில் ஊறவைத்தால், விலங்கு நொதியம் ஏறத்தாழ 46,000, 54,000 தாற்றன் அளவுகளிற் பட்டைகளாகத் தோன்றும். இரண்டாம் வகை காட்டும் பட்டை மங்கியிருப்பின், புரதமே அருகியதோ, இருந்தும் துயில்கின்றதோ என்பதை முதல்வகையின்றித் துணிதல் இயலாது.

இனி, மாணவரின் வினாவுக்கு வருவோம். நிகண்டு நூலார் ஒரு பொருட்குப் பல பெயரும், பல பொருட்கு ஒரு பெயரும் தொகுத்துரைப்பர். இவ்விரு இடரும் இங்கே ஒருங்கு நிற்கின்றன. விலங்குகளின் இந்நொதியத்தை 1994 இல் ஒரு குழுவினர் நெருக்கீட்டின் பெயரால் அழைத்தனர். அதே ஆண்டில் வேறொரு குழுவினர், அது தொழிற்படும் யூன் என்னும் புரதத்தின் பெயரால் அழைத்தனர். பின்னர் 2004 இல் யப்பானிய ஆய்வாளர், நெற்பயிரிற் பத்துக் கைனேசுகளைக் கண்டு, அதே ஆங்கில எழுத்துச் சுருக்கத்தை அவற்றுக்கும் இட்டனர். அப்பத்தும் பிரசாரண நெருக்கீட்டால் விழிப்பன; அவற்றுள் மூன்று, அப்சிசிக்கமிலம் என்னும் தாவர ஓமோனாலும் விழிப்பன. இவை விலங்கு நொதியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையல்ல. பெயரே ஒன்று, குலம் வேறு.

உவர்வயலில் நீர் நிற்கவும் பயிர் வாடுவதை எம்மவர் கண்டுள்ளனர். மண்ணீரின் உப்புச்செறிவு வேரின் நீருறிஞ்சலைத் தடுத்தலே அதற்கு முதற்காரணம். அதுவே பிரசாரண நெருக்கீடு. இலை சுருள்வதைக் கமக்காரன் காணுமுன்னரே பயிரின் கலங்களுள் இக்கைனேசுகள் எழுந்துவிடுகின்றன. உவரைத் தாங்கும் ஏ.ரீ. 354 போன்ற இனத்தையும் தாங்காத இனத்தையும் அருகருகே வைத்து இவ்விழிப்பை அளந்து பார்க்கும் ஆசை மாணவருக்கு எழுந்ததில் வியப்பில்லை. ஆயின், விலங்குப் புரதத்துக்கென ஆக்கிய பிறபொருளெதிரியை நெற்சாற்றில் இட்டால், பட்டை தோன்றாதொழியலாம்; அதனினும் தீதாக, தொடர்பற்ற வேறொரு புரதம் பட்டையாகத் தோன்றி மயக்கலாம். அம்மயக்கத்தை நம்பி ஓர் இனத்தைத் தள்ளிவிடின், இழப்பு விதைப்பவனுடையது.

ஆகவே, எப்புரதத்தின் எத்துண்டுக்கு எதிராக ஆக்கப்பட்டது, எவ்வுயிரினங்களிற் சோதிக்கப்பட்டது என்பவற்றைக் குப்பியுடன் வரும் தாளிற் பார்த்த பின்னரே வாங்குதல் வேண்டும் என்று மாணவருக்குக் கூறினோம். அறிவியல்நகரிலுள்ள விவசாய பீடத்தாரை அணுகுமாறும் சொன்னோம். அவர் பட்டியலைத் திரும்பப் பெற்று, யாம் எழுதிய தமிழ்த்தொடரின் முன்னே ‘விலங்கின்’ என்னும் ஒரு சொல்லைத் தாமே சேர்த்துக்கொண்டார்.